ஜனத்தொகையில் நெல்லையைவிடச் சின்ன நாடு, கூடைப்பந்தில் ராட்சதர்கள்! தெரியுமா?

2011 கணக்கெடுப்பின்போது, தென்காசி பிரியாத பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் 30 லட்சத்து 77 ஆயிரம் பேர் இருந்தார்கள். பால்டிக் கடலோரத்தில் லாட்வியா என்று ஒரு நாடு இருக்கிறதே, அங்கே மொத்த ஜனத்தையும் கூட்டினாலும் இன்று 19 லட்சத்தைத் தொடாது! இந்தக் கைப்பிடி ஜனம்தான் 1935-ல் ஜெனீவாவில் நடந்த முதல் ஐரோப்பியக் கூடைப்பந்துப் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனது, தெரியுமா? இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 24-18 என்று சாய்த்தார்கள். (இந்தக் காலத்தில் முதல் பத்து நிமிஷத்திலேயே இவ்வளவு புள்ளி வந்துவிடும்!) 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மூவர் கூடைப்பந்து அறிமுகமானபோது ஆண்கள் தங்கமும் லாட்வியாவுக்குத்தான்.

இன்னும் கேளுங்கள். 2015 ஜூன் 25 இரவு, நியூயார்க்கின் புரூக்ளினில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. நான்காவது ஆளாக நிக்ஸ் அணி எடுத்தது லாட்வியாவின் லியெபாயா ஊர்க்காரரான கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை. வயது 19, உயரம் ஏழடிக்கும் மேல். சொந்த அணியின் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். ஒரு சின்னப் பையன் தேம்பி அழுததை டி.வி.யில் உலகமே பார்த்தது. மூன்றே வருஷத்தில் அவர் ஆல்ஸ்டார்!

அதே இரவில், அதே மேடையில் 52-வதாக வாசிக்கப்பட்ட பெயர் யாருடையது தெரியுமா? பஞ்சாபின் பல்லோகே கிராமத்து விவசாயி மகன் சத்னம் சிங்! இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் அந்தப் பட்டியலில் ஏறியது அதுதான் முதல் தடவை. எடுத்தது டல்லாஸ் அணி. அவரும் 1995-ல் பிறந்தவர், அவரும் ஏழடிக்கு மேல். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: போர்சிங்கிஸ் பிற்பாடு அதே டல்லாஸுக்கு ஆடினார், 2024-ல் பாஸ்டன் சட்டையோடு இறுதித் தொடரில் அதே டல்லாஸைத் தோற்கடித்து சாம்பியனும் ஆனார். சத்னமுக்கோ ஒரு என்.பி.ஏ. லீக் ஆட்டம்கூட வாய்க்கவில்லை. பிறகு அவர் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

உயரத்தில் குறையா? இல்லவே இல்லை. போர்சிங்கிஸ் 15 வயதில் ஸ்பெயினின் செவில்லா கிளப்பில் சேர்ந்து, வளர்ந்த ஆட்டக்காரர்களோடு முட்டி மோதிப் பழுத்தவர். சத்னம் 14 வயதில் புளோரிடாவின் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து நேராக என்.பி.ஏ. வாசலில் நின்றவர். நடுவே ஏறிவர அவருக்குப் படிக்கட்டே இல்லை. திறமையைவிட இதுதான் கணக்கைத் தீர்த்தது என்பேன்.

சரி, அந்தப் படிக்கட்டை யார் கட்டுவது? இங்கேதான் அசல் ஆச்சரியம்! 1960-க்கும் 1982-க்கும் இடையே ஐரோப்பியப் பெண்கள் கிளப் கோப்பையை 18 முறை வென்ற, லாட்வியாவின் ரிகா நகர டி.டி.டி. அணி, அந்த ஊர் டிராம், டிராலிபஸ் நிர்வாகத்தின் அணி! ஆமாம், நம்ம பஸ் டிப்போ மாதிரிதான். அந்த அணியின் உல்யானா செம்யோனோவா சுமார் ஏழடி. 1976, 1980 இரண்டு ஒலிம்பிக்கிலும், அன்று லாட்வியாவும் அடங்கியிருந்த சோவியத் நாட்டு அணிக்காகத் தங்கம். அமெரிக்காவின் கூடைப்பந்துப் புகழரங்கில் 1993-ல் இடம்பிடித்தார்.

அங்கே டிராம் என்றால் இங்கே ரயில்! பெண்கள் தேசியப் போட்டிகளில் பல வருஷமாகக் கொடிகட்டிப் பறப்பது இந்தியன் ரயில்வே அணி. நெல்லை ஜங்ஷன் எந்த ரயில்வேயோ அதே தெற்கு ரயில்வேக்கு ஆடியவர்தான் கேரளத்து கீது அன்னா ஜோஸ். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன!

அதே தெற்கு ரயில்வேயில் இன்னொருவர், அனிதா பால்துரை. பெயரைக் கேட்டதும் பாளையங்கோட்டைப் பெண்ணோ என்று நிமிர்வீர்கள்; சென்னைக்காரர். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன்! ஒன்றல்ல, இரண்டல்ல, ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். அவருக்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம்; எதிரே கஜகஸ்தான். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 75-73! இரண்டே புள்ளியில் இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது. அப்போது அனிதாவுக்கு 32 வயது. 2021-ல் பத்மஸ்ரீ. லாட்வியாவில் இப்படி ஒரு பெண் பிறந்திருந்தால் ஐரோப்பிய கிளப்புகள் வரிசையில் நின்றிருக்கும். நம்மிடம் அவர் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கோபம்தான் வருகிறது.

இன்னொன்று. மெட்ராஸுக்கும் ரிகாவுக்கும் இந்த ஆட்டம் வந்து சேர்ந்தது ஒரே வழியில்தான்: ஒய்.எம்.சி.ஏ.! 1920-ல் அந்த ஒய்.எம்.சி.ஏ.வின் ஹாரி குரோ பக் மெட்ராஸில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளிதான் தமிழ்நாட்டு பி.டி. வாத்தியார் பரம்பரைக்கே தாய்வீடு.

பிள்ளை எந்நேரமும் பந்தும் கையுமாகத் திரிகிறது என்று புலம்பும் பாளையங்கோட்டை அம்மாக்கள் கவனிக்க: ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை அறிவிப்புகளில் கூடைப்பந்தும் வருகிறது!