பயன்படுத்திய காரை விற்றபின் விற்றவரின் பொறுப்புகள்

இந்தியாவில் தனிநபர் ஒருவர் தம் காரை மற்றொருவருக்கு விற்கும்போது, பணத்தைப் பெற்றுச் சாவியைக் கொடுத்தவுடன் விற்பனை முடிந்துவிட்டதாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, அவ்வாறு கருதுவதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டில் பெயர் மாறும்வரை, சாலையில் அந்தக் காரால் ஏற்படும் பல விளைவுகளுக்கு விற்றவரே சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் என்னென்ன செய்ய வேண்டும், செய்யத் தவறினால் என்ன நேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை உரிமை

கார் ஓர் அசையும் பொருள். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன்படி, இரு தரப்பும் உரிமை மாற வேண்டுமென எப்போது கருதினார்களோ அப்போதே பொருளின் உரிமை வாங்குபவருக்குச் செல்கிறது. வழக்கமாக, விலையைக் கொடுத்து வண்டியைப் பெற்றுக்கொள்ளும் நேரமே அது. ஆகவே விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பார்த்தால், கார் அன்றே கைமாறிவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வை வேறு. அதன் பிரிவு 2(30), யார் பெயரில் வாகனம் பதிவாகி உள்ளதோ அவரே உரிமையாளர் என்கிறது. கடன், குத்தகை போன்ற ஒப்பந்தங்களின்கீழ் இருக்கும் வண்டிகளுக்கு மட்டும், அதைக் கைவசம் வைத்திருப்பவர் உரிமையாளராகக் கொள்ளப்படுகிறார். விபத்தில் அடிபட்டவர் அந்த வண்டி எத்தனை பேரிடம் கைமாறியது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. பதிவேட்டைப் பார்த்தவுடன் பொறுப்பாளர் யார் என்று தெரிய வேண்டும். அதற்காகவே சட்டம் பதிவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

இந்த நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் தெளிவாக உறுதிசெய்தது. அந்த வழக்கில் பதிவுபெற்ற உரிமையாளர் தம் காரை 2007-இலேயே விற்றுவிட்டதாகக் கூறினார். அதன்பின் அந்தக் கார் ஒருவர்பின் ஒருவராகப் பலரிடம் கைமாறியது. ஆனால் எந்தக் கட்டத்திலும் பதிவேட்டில் பெயர் மாற்றப்படவில்லை. 2009-இல் அந்தக் கார் பின்னோக்கி எடுக்கப்பட்டபோது தெருவில் நடந்து சென்ற இருவர் மீது மோதியது. அவர்களில் ஒருவர் இறந்தார்.

இழப்பீட்டை யார் தருவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கடைசியாகக் காரை வாங்கி வைத்திருந்தவரே பொறுப்பு என உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றி, பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளர் என்று தீர்ப்பளித்தது. கார் தம் கையைவிட்டுப் போய் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதாக விற்றவர் சொன்னது அவரைக் காப்பாற்றவில்லை.

14 நாள் கெடு

பெயர் மாற்றம் பற்றிச் சட்டத்தின் பிரிவு 50 கூறுகிறது. கடமை வாங்குபவருக்கு மட்டும் உரியதன்று. விற்பவருக்கும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

விற்பனை ஒரே மாநிலத்துக்குள் நடந்தால், விற்பவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் நகலை வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவாக வேண்டிய வண்டி என்றால், பிரிவு 48-இன்கீழ் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். இந்தச் சான்றை விற்பனை நடந்த 45 நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். வாங்குபவருக்கு உள்ள கெடு 30 நாட்கள்.

விற்பவர் அளிக்கும் அறிவிப்பு படிவம் 29. வண்டியை இன்ன தேதியில் இன்னாருக்கு விற்று ஒப்படைத்துவிட்டேன், பதிவுச் சான்றையும் காப்பீட்டுச் சான்றையும் கொடுத்துவிட்டேன், வண்டியின் மீது வில்லங்கம் எதுவும் இல்லை என்று அதில் அவர் உறுதி கூறுகிறார். தகவல் தவறாக இருந்தாலோ மறைக்கப்பட்டிருந்தாலோ தாமே பொறுப்பு என்றும் ஒப்புக்கொள்கிறார். பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-இல் இருவரும் கையெழுத்திட வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாகவும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

கார் கடனில் வாங்கப்பட்டிருந்தால், பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்ததும் வங்கியிடமிருந்து படிவம் 35-ஐயும் தடையில்லாச் சான்றையும் பெற்று அந்தப் பதிவை நீக்கிய பிறகே விற்பது முறை. கடனை அடைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டால், பெயர் மாற்றம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து

நடைமுறையில் அதிகமாக நிகழும் தவறு இதுதான். காரை வாங்க வரும் புரோக்கர், வாங்குபவரின் பெயர், தேதி ஆகிய இடங்களை நிரப்பாமலே படிவம் 29-லும் 30-லும் விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறார். வேறொருவரிடம் விற்கும்போது அவர் பெயரை நேரடியாக எழுதிக்கொள்ளலாம் என்பதே இதன் நோக்கம். அவர் விற்கும்வரை, சில நேரம் மாதக் கணக்கில், கார் முன்னவர் பெயரிலேயே ஓடும். யாரிடம் போனது என்றுகூட விற்றவருக்குத் தெரியாது. தேதியும் பெயரும் இல்லாத படிவம் விற்பனைக்குச் சான்றாகவும் உதவாது.

இந்தக் குறையைப் போக்கவே, பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதிகளை மத்திய அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டது. அவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விற்பவர் தம் வண்டியை அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்ததைப் பதிவு அதிகாரிக்கு மின்னணு முறையில் தெரிவிக்க இவை வழிசெய்கின்றன. வணிகரிடம் விற்பவர்கள் அந்த அங்கீகாரம் உள்ளதா என்று முதலில் கேட்பது நல்லது.

ஒப்படைப்புச் சீட்டு

படிவங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கார் சாலையில் இறங்கிவிடுகிறது. அந்த இடைவெளிக்கு உதவுவது ஒப்படைப்புச் சீட்டு. பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், விலை, ஓடிய கிலோமீட்டர், வாங்குபவரின் பெயரும் முகவரியும், ஒப்படைத்த தேதியும் நேரமும் இதில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு, வாங்குபவரின் அடையாள அட்டை நகலை இணைத்துக்கொள்ள வேண்டும். நேரத்தைக் குறிப்பது வீண் வேலையன்று. அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு சிக்னலில் கேமரா படம் பிடித்தால், காலை பதினொரு மணிக்கே வண்டியைக் கொடுத்துவிட்டதாகக் காட்ட அந்த ஒரு வரிதான் இருக்கும்.

போக்குவரத்து விதிமீறலுக்கான இ-சலான் பதிவேட்டில் உள்ளவருக்கே வரும். வண்டி ஒரு குற்றத்தில் தொடர்புடையதானால், ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தரும் கடமையைப் பிரிவு 133 உரிமையாளர் மீது சுமத்துகிறது. ஒப்படைப்புச் சீட்டு இல்லாதவர் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுவார். ஆனால் இழப்பீட்டு வழக்கில் இந்தச் சீட்டு மட்டும் முழுக் காப்பு ஆகாது. பெயர் மாற்றமே காப்பு.

விலையை வங்கி வழியாகப் பெறுவது மற்றொரு சான்றாகும். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடைசெய்கிறது.

காப்பீடும் ஃபாஸ்டேக்கும்

பிரிவு 157-இன்படி, வண்டி கைமாறும்போது அதன் காப்பீடும் வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். தம் பெயரைச் சேர்க்குமாறு அவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தானியங்கி மாற்றம் மூன்றாம் தரப்புக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே பொருந்தும், வண்டிக்கு நேரும் சேதத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியது. விற்றவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்பனையைத் தெரிவித்து, தமக்குரிய நோ கிளைம் போனஸ் சான்றைப் பெறலாம். அந்தச் சலுகை வண்டிக்கு உரியதன்று, காப்பீடு எடுத்தவருக்கு உரியது. ஆகவே அடுத்து வாங்கும் காருக்கு அதைப் பயன்படுத்தலாம்.

ஃபாஸ்டேக் விற்றவரின் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கலாம். வழங்கிய வங்கியிடம் சொல்லி அதை மூடாவிட்டால், புதியவர் கடக்கும் சுங்கச்சாவடிக் கட்டணம் பழையவரின் பணத்திலிருந்து போகும்.

குறைகளைச் சொல்லும் கடமை

தனிநபர் விற்பனையில், பொருளின் தரத்துக்கு விற்பவர் உத்தரவாதம் தந்ததாகச் சட்டம் பொதுவாக ஊகிப்பதில்லை. ஆனால் விற்கும் உரிமை தமக்கு உண்டு என்பதற்கு அவரே பொறுப்பு. ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது, பெரிய விபத்தை மூடி மறைப்பது போன்றவை இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி மோசடியாகும். அப்போது வாங்கியவர் விற்பனையை ரத்துசெய்யக் கோரலாம்.

வாங்கியவர் பெயர் மாற்றாவிட்டால்

கெடு முடிந்ததும் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணை இட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால், வாங்கியவருக்கு ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பலாம். படிவம் 29 கொடுத்ததற்கான அத்தாட்சியுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக முறையிடலாம். வாங்கியவரோடு நேரில் சென்று விண்ணப்பத்தை முடிக்கும்வரை விலையில் ஒரு பகுதியை அவரிடமே நிறுத்திவைக்க ஒப்புக்கொள்வதும் சிலர் கையாளும் வழி. பெயர் மாறியதும் அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம்.

பதிவுச் சான்றின் நகல், படிவம் 29-இன் நகல், ஒப்படைப்புச் சீட்டு ஆகிய மூன்றையும் பெயர் மாறிய பிறகும் சில ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. விற்பனைக்கு முந்தைய நாட்களின் சலானோ வழக்கோ பின்னர் எழுந்தால், எந்த நாள்வரை கார் யாரிடம் இருந்தது என்பதை அவை காட்டும்.