நாய் நக்கித்தான் குடிக்கும்



“ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வாய்ப்பு எவ்வளவு பெரிதாயினும் அவரவர் இயல்புக்கு ஏற்றதே அவரவர்க்குக் கிட்டும் என்னும் பொருளில் இதனைப் பல்லாண்டுகள் நாம் கற்பித்து வந்திருக்கிறோம். ஆயினும் நாய் ஏன் நக்கிக் குடிக்கிறது, மாட்டைப்போல் ஏன் உறிஞ்சிக் குடிப்பதில்லை என்று எந்த மாணவரும் நம்மைக் கேட்டதில்லை. நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. இவ்வாண்டு எண்ணிப் பார்க்கும்படி நேர்ந்தது.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் வீட்டில் மூன்று மாத நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. அஞ்சடியில் அதற்கு ஒரு பிளாஸ்டிக் மங்கில் நீர் வைப்பார்கள். குட்டி வாயால் இரண்டு முறை நக்கும். பிறகு முன்னங்கால்கள் இரண்டையும் மங்கினுள் வைத்துத் துழாவும். இறுதியில் மங்கைக் கவிழ்த்து, அதனைக் கவ்விக்கொண்டு ஓடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் வாழும் நமக்குச் சிமெந்துத் தரையின் இயல்பு தெரியும். பனி மூட்டம் இறங்கிய நாளில் காலையில் கொட்டிய நீர் நண்பகலிலும் காய்வதில்லை. ஒருநாள் விடியற்காலையில் அம்மாணவியின் பாட்டியார் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். நற்பேறாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு மட்டும் வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குட்டியை ரிங்லெட் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று தந்தையார் முடிவு செய்தார். மறுநாள் கணக்குப் பாடத்தில் அப்பிள்ளை ஒரு கணக்கும் செய்யவில்லை.

அன்று மாலை நாம் அவ்வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் நம்மிடம் படித்தவர். “ஐயா, தண்ணீர் வைத்தால் கொட்டுகிறது. வைக்காமலும் இருக்க முடியவில்லை. நாங்கள் என்னதான் செய்வது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாயின் உடல்நலத்தை எண்ணும் மகனைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை. இரண்டு வாரத் தவணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம். தவணை வாங்கிய பிறகுதான் நமக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது என்பது உறைத்தது!

தேடிப் படித்ததில் அறிந்தவற்றைக் கூறுவோம். நமக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் கன்னங்கள் முழுமையாக அமைந்துள்ளன. உதடுகளைக் குவித்து வாயை மூடி உள்ளே காற்றைக் குறைத்தால் நீர் தானே ஏறிவரும். நாயின் வாயோ காதுப்பக்கம் வரை நீண்டு பிளந்தது. இரையைக் கவ்வுவதற்கு அது ஏற்றது. நீரை உறிஞ்சுவதற்கு ஏற்றதன்று. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் குட்டி தன் நாவினால் காம்பைச் சுற்றி வளைத்து உறிஞ்சிக்கொள்கிறது. வளர்ந்தபின் அதற்கு நாவைத் தவிர வேறு கருவி இல்லை.

அந்நாவு செய்யும் வேலை வியப்பிற்குரியது. நாய் தன் நாவின் நுனியைப் பின்புறமாக, தாடையை நோக்கி, அகப்பைபோல் வளைத்து நீருக்குள் அடிக்கிறது. அகப்பையால் அள்ளி விழுங்குகிறது என்றே நெடுங்காலம் மக்கள் கருதினர். 2011ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. அகப்பையில் அள்ளிய நீரில் பெரும்பகுதி சிந்திப்போகிறது. நாவு மிக விரைவாக மேலே இழுக்கப்படும்போது, அதன் பரப்பில் ஒட்டிய நீர் ஒரு தூண்போல் உடன் எழுகிறது. அந்நீரே வாய்க்குள் செல்கிறது. 2015இல் அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 19 நாய்களை ஆராய்ந்து, அத்தூண் அறுந்து விழுவதற்குச் சற்று முன்னர், சரியான நொடியில் நாய் வாயை மூடிக் கவ்விக்கொள்கிறது எனக் கண்டனர். பெரிய நாயாயின் நாவின் பெரும்பரப்பு நீரில் மோதும். தெறிப்பும் அதற்கேற்ப மிகும்.

பூனையின் செய்தி இதனினும் சுவையானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோமன் ஸ்டாக்கர் என்னும் அறிஞர் தம் வீட்டுப் பூனை நீரருந்துவதைக் காலையுணவு வேளையில் பார்த்துக்கொண்டிருந்து, அதிலிருந்தே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 2010இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பூனை நாவின் நுனியால் நீர்ப்பரப்பைத் தொடுவதோடு சரி, உள்ளே அமிழ்த்துவதில்லை. ஆகவேதான் பூனை குடித்த இடம் காய்ந்திருக்கிறது, நாய் குடித்த இடம் குளமாகிறது. வீட்டில் இருப்பதை உற்றுப் பார்ப்பதும் அறிவியலே என்று நாம் வகுப்பில் கூறுவதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எனவே, தாடையில் நீர் சொட்டுவதும் சுற்றிலும் சிறிது தெறிப்பதும் நாயின் குற்றமல்ல. ஆனால் காலை வைத்துத் துழாவுவதும் மங்கைக் கவிழ்ப்பதும் வேறு. அது விளையாட்டு. அசையும் பொருள் யாவும் குட்டிக்கு விளையாட்டுப் பொருளே. நீரிலோ ஒளியும் அசைகிறது, தொட்டால் வளையமும் எழுகிறது. மேலும், நான்கு மாத அளவில் பால்பற்கள் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்திற்குள் புதுப்பற்கள் முளைத்துவிடும். ஈறு உறுத்தும் அக்காலத்தில் மங்கின் விளிம்பு கடிப்பதற்கு வாகாக அமைந்துவிடுகிறது.

முதலில் நாம் கூறிய யோசனை தோல்வியுற்றது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மங்கை ஒரு சிறு முக்காலியின்மேல் உயர்த்தி வைக்கச் சொன்னோம். குட்டி முக்காலியையே தள்ளிவிட்டது. பாட்டியார் நம்மைப் பார்த்துச் சிரித்தார், நாமும் சிரித்தோம். பின்னர், அடி அகன்று மேல் குறுகிய கனத்த மண்சட்டி ஒன்றைத் தேடி எடுத்து, பழைய வண்டிச் சக்கரத்தின் ரப்பர் டயருக்குள் பொருத்தி வைத்தோம். கவிழ்க்க இயலவில்லை. துழாவுவதற்கு மருந்தாக, ஆற்றிலிருந்து எடுத்த வழுவழுப்பான பெரிய கல் ஒன்றை நன்றாகக் கழுவிச் சட்டியின் நடுவில் இட்டோம். கல், குட்டியின் வாய்க்குள் அடங்காத அளவில் இருத்தல் வேண்டும். சிறிய கல்லை விழுங்கிவிடும். கல்லைச் சுற்றியுள்ள இடுக்கில் நாவு போகும், கால் போகாது. சட்டியையும் அஞ்சடியிலிருந்து அகற்றி, செம்பருத்திச் செடியருகே மண்தரையில் வைத்தாயிற்று. கடிப்பதற்கு முடிச்சிட்ட பழைய துணிக்கயிறு ஒன்று கொடுக்கப்பட்டது. காலை உள்ளே வைத்தால் திட்டாமல், அடிக்காமல், சட்டியைச் சற்று எடுத்துவிட்டுச் சிறிது நேரத்தில் திரும்ப வைக்க வேண்டும். அடித்தால் நீரருகே வரவே குட்டி அஞ்சும்.

சிலர் கொட்டுகிறதே என்று நீரையே நிறுத்திவிடுகின்றனர். இது தவறு. நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் வேண்டும். நான்கு கிலோ குட்டிக்குக் கால் லிட்டர் என்று கொள்ளலாம். வளரும் பருவத்தில் சற்றுக் கூடுதலாகும். ஒரே முறையில் நிறைய ஊற்றாமல், சிறிது சிறிதாகப் பல முறை ஊற்றினால் சிந்துவதும் குறையும். வழக்கத்திற்கு மிகுதியாகக் குடித்துக்கொண்டே இருந்தால் நோயின் அறிகுறியாக இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

இனிக் கூறப்போவது பெற்றோர்களுக்கு. அன்று மாலை லயத்து வரிசையில் நடந்தபோது, வேறொரு வீட்டின் முன் களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் கலனைப் பாதியாக அறுத்து நாய்க்கு நீர் வைத்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டோம். எத்தனை முறை அலசினாலும் அக்கலன் உயிர்கள் உண்ணவும் பருகவும் ஆகாது. முறிமருந்தே இல்லாத பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் நாடு 2020 சனவரி முதல் தடை செய்துவிட்டது. ஆயினும் மற்ற மருந்துகளின் கலன்களும் வீட்டுப் புழக்கத்திற்கு உரியவை அல்ல. நாய்க்குட்டி குடிக்கும் அம்மங்கில் தவழும் குழந்தையும் கையை விடும் அன்றோ?

மற்றொன்று எலி. இரவில் வெளியே கிடக்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ என்னும் நோய் பரவலாம். மலாய் மொழியில் இதனைக் ‘கென்சிங் திக்குஸ்’ என்பர். நம் நாட்டில் 2010 முதல் இது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். நோயுற்ற நாயின் சிறுநீராலும், ஈரத்தில் வெறுங்காலுடன் நடப்பவரின் புண் வழியாகவும் மனிதரைப் பற்றும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆகவே இரவில் நீரைக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைப்பது நலம். ஏடிசு கொசுவின் முட்டைகளோ பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீரை மாற்றினால் போதாது. நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். டயருக்குள்ளும் மழைநீர் தங்கும். அதன் அடியில் துளைகள் இடுதல் கட்டாயம். இதனை முதல் வாரம் நாமே மறந்திருந்தோம், நினைவூட்டியவள் அம்மாணவிதான்.

அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். நம் தோட்டத்தில் இன்று வங்காளதேசத்தினரும் இந்தோனேசியரும் நம்மோடு கொழுந்து பறிக்கின்றனர். அவர்களுள் இசுலாமியர் பலர். நாயின் எச்சில் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவுவது இந்நாட்டு இசுலாமியரின் முறை. விடியலில் வேலைக்குப் புறப்படும் மனிதருக்கு அது எத்தனை சிரமம்! பொதுக் குழாயருகிலும் பொது வழியிலும் நாயின் பாத்திரத்தை வைக்காதிருப்பது நம் கடமை.

தவணை முடிந்த நாளில் மீண்டும் சென்றோம். அஞ்சடி காய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பற்றித் தந்தையார் பேசவில்லை, நாமும் நினைவூட்டவில்லை. பாட்டியாரின் கை வீக்கம் வடிந்துவிட்டது. சட்டியில் எஞ்சும் நீரை நாள்தோறும் அவரே கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாராம். குட்டியின் தாடையிலிருந்து சொட்டும் நீர் மட்டும் நிற்கவில்லை. அதற்காகப் படியோரத்தில் ஒரு பழைய சாக்கு விரித்திருக்கிறார்கள்.