டைட்டானியத்தில் குடியேறும் கிருமிகள்

"டைட்டானியம் சொத்தையாகாதே, இம்ப்ளான்ட் பல்லை எதற்குத் துலக்க வேண்டும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். தாடை எலும்பில் பதிக்கும் அந்த டைட்டானியத் திருகு சொத்தையாகாது, உண்மைதான். ஆபத்து அதைத் தாங்கும் எலும்புக்கு.

டைட்டானியத்தை எலும்பு இறுகப் பற்றிக்கொள்ளும் என்று முயலின் கால் எலும்பில் கண்டவர் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965இல் அதை மனிதத் தாடையில் பொருத்தினார். அந்தப் பிடிப்பைத்தான் கிருமிகள் குலைக்கின்றன.

உமிழ்நீர் பட்ட சில நிமிடங்களில் திருகின்மேல் புரதப் படலம் படிகிறது. அதில் முதலில் ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். அவற்றால் பெரிய தீங்கில்லை. தீங்கு செய்பவை பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற, ஆக்சிஜன் ஆகாத கிருமிகள். இவ்விரு கூட்டத்தையும் சேர்த்துவைப்பது ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம்.

என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். இரு முனையும் கூர்ந்த நீண்ட உடல். அதன் மேற்பரப்பில் முன்னவற்றையும் பின்னவற்றையும் பற்றும் புரதங்கள். எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் இருவர் வீட்டிலும் கை நனைப்பவர் ஒருவர் இருந்தார். அவர் வழியாகத்தான் எந்தச் சேதியும் போகும். ஃபியூசோபாக்டீரியமும் அப்படியே. கொஞ்சம் ஆக்சிஜனைத் தாங்குவதால், தாங்காதவற்றுக்கும் இடம் அமைத்துக் கொடுக்கிறது. கூட்டம் பெருகித் தன் பிசினுக்குள் ஒடுங்கிவிட்டால், ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் போதாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் ஊன்றி நிற்கின்றன. திருகில் ஊன்ற இடமில்லாததால் அவை பெரும்பாலும் பக்கவாட்டில் அணைந்தே கிடக்கின்றன. அதனால் அழற்சி எலும்பை எளிதில் எட்டிவிடுகிறது. பெரும்பாலும் வலியே தெரியாது. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் நிலையில் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் தானாக வளராது.

இக்கிருமிகள் பெரும்பாலும் பக்கத்துப் பற்களின் ஈறு இடுக்கிலிருந்தே வருகின்றன. ஆகவே ஈறு நோயைக் குணப்படுத்தாமல் திருகு பொருத்துவது தவறு. அவசரப்படுத்தும் நோயாளிக்கும் இணங்கிப்போகும் மருத்துவருக்கும் அதில் பங்குண்டு. சேமிப்பையெல்லாம் கொட்டிப் பல் கட்டியவர்கள் பிறகு மருத்துவமனைப் பக்கமே போகாதிருப்பது என்னை வருத்துகிறது. புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் இந்த அழற்சியை இன்னும் மோசமாக்கும்.

இம்ப்ளான்ட் வைத்தவர்களே, தினமும் துலக்குங்கள். இடுக்குகளைச் சிறு பிரஷால் சுத்தம் செய்யுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் வலிக்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.