ஆத்தங்குடிக் கல்லும் அரசாங்கப் பதிவேடும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் வளவில் கால் வைப்போரின் பார்வை முதலில் தரையின் மீதுதான் படியும். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் இழைந்த அந்தப் பூக்கற்கள் ஆத்தங்குடியின் கைத்தொழில். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சைப் பொருத்தி, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்தில் இறங்கிவிடுகிறது.

இத்தகைய தொழில்கள் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே நடப்பவை. அண்ணன் இடம் தருவார், தம்பி முதல் போடுவார், மைத்துனர் பட்டறையில் நின்று உழைப்பார். யாருக்கு எத்தனை பங்கு என்பது வாய்ச்சொல்லாகவே இருக்கும். நம்பிக்கையின் மீது நடக்கும் தொழில் நல்ல தொழில்தான், ஐயமில்லை. ஆனால், சரக்கு வாங்கியவர் பணம் தர மறுக்கும்போதும், பங்காளிகளில் ஒருவர் மண்ணறை சேர்ந்துவிடும்போதும் அந்த வாய்ச்சொல்லுக்குச் சாட்சி யார்? தொழிற்பதிவு என்னும் விஷயத்தை வாசகர்கள் சற்று ஊன்றிச் சிந்திக்க வேண்டியது இங்கேதான்.

அலைச்சல் குறைந்த கதை

நம் நாட்டில் பெருந்தொழில் தொடங்குவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் உரிமம் தேவைப்பட்டது. 1991 ஜூலையில் அறிவிக்கப்பட்ட தொழிற்கொள்கை, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு அந்த உரிமத்தை நீக்கியது. சிறுதொழில் செய்வோரோ மாவட்டத் தொழில் மையத்தை நாடி, முதலில் தற்காலிகப் பதிவும் உற்பத்தி தொடங்கியபின் நிரந்தரப் பதிவும் பெற்று வந்தனர். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதை இரு பகுதி கொண்ட ஒரு குறிப்பாணையாக மாற்றியது. 2015 செப்டம்பரில் ‘உத்யோக் ஆதார்’ என்ற ஒரு பக்க விண்ணப்பம் வந்தது. 2020 ஜூலை 1 முதல் ‘உத்யம்’ பதிவு நடைமுறைக்கு வந்துள்ளது.

இதற்கு ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய நிலையில் உள்ளோர் அந்த எண்ணையும் தர வேண்டும். எந்தச் சான்றிதழையும் இணைக்க வேண்டியதில்லை. தொழில் செய்பவர் தாமே தரும் உறுதிமொழியே ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. பான், ஜி.எஸ்.டி. இல்லாத மிகச் சிறு தொழிலாளருக்காக 2023 ஜனவரியில் ‘உத்யம் அசிஸ்ட்’ என்ற தனி வழியும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திரத் தளவாட முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாத தொழில் ‘குறுந்தொழில்’ எனக் கொள்ளப்படுகிறது. குடும்பப் பட்டறைகள் அநேகமாக இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

கம்பெனி அமைப்பதும் எளிதாகியுள்ளது. தனியார் கம்பெனிக்குக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும் என்ற விதி 2015இல் நீக்கப்பட்டது. ஒருவரே கம்பெனி அமைக்கவும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்துள்ளது.

உலக வங்கியின் ‘தொழில் நடத்தும் எளிமை’ப் பட்டியலில் 142ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் 63ஆம் இடத்துக்கு உயர்ந்ததும் இத்தகைய சீர்திருத்தங்களால்தான் என்று பேசப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கு டில்லியையும் மும்பையையும் மட்டுமே அளந்தது. புள்ளிவிவரங்களில் முறைகேடு நடந்ததாகக் கண்டறியப்பட்டு, 2021 செப்டம்பரில் அந்த அறிக்கையே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே ஒரு சீர்திருத்தத்தின் பயனை உலகப் பட்டியலைக் கொண்டு அளப்பதை விட, ஆத்தங்குடி போன்ற ஊரின் பட்டறைக்கு அது என்ன தருகிறது என்று கேட்பதே முறையாகும்.

பதிவில்லாக் கூட்டுக்கு வழக்கில்லை

மலேசியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். பினாங்கில் உணவகம் நடத்தும் நம்மவர்கள் இதை நன்கறிவர். இங்கோ 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதன் 69ஆம் பிரிவு, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியார் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. பங்காளி ஒருவர் மற்றவர் மீது ஒப்பந்தப்படியான உரிமை கோருவதற்கும் அதே தடை உண்டு. கூட்டைக் கலைக்கவோ, கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவோ மட்டும் வழி திறந்திருக்கிறது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில், பங்காளி ஒருவரின் மரணத்தோடு கூட்டு கலைந்துவிடுகிறது என்கிறது 42ஆம் பிரிவு. பிள்ளைகளை உடைய மனைவிக்கு, கணவர் விட்டுச் சென்றதில் எட்டில் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மக்தபிலேயே கற்பிக்கிறோம். ஆனால் எதில் எட்டில் ஒன்று? பட்டறையில் அவருக்கு இருந்தது பாதியா, கால்வாசியா என்று எழுதி வைக்கப்படவில்லை என்றால், இத்தா முடிந்து வரும் அந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்? அநாதைகளின் பொருளைக் காப்பதில் இத்தனை கண்டிப்புள்ள நம் மார்க்கத்தில், ஒரு துண்டுக் காகிதம் இல்லாத காரணத்தால் அப்பொருள் கரைந்து போகலாமா?

தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கைக்குக் கை மாறும் உடனடி வியாபாரத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்ற சலுகையும் அதிலேயே உண்டு. தவணைக்குச் சரக்கு கொடுக்கும் வியாபாரம் அந்தச் சலுகைக்குள் வராது என்பதை நாம் மறக்கலாகாது.

நிலுவையை மீட்கும் வழி

உத்யம் பதிவின் பெரும் பயன் நிலுவைத் தொகையில்தான் தெரிகிறது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலம் தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். 2017 அக்டோபரில் தொடங்கிய ‘சமாதான்’ இணையதளம் வழியாகவே மனுவை அனுப்பலாம். மன்றத்தின் தீர்ப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க விரும்பும் வாங்குநர், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டியாக வேண்டும்.

தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டியும் சட்டம் விதிக்கிறது. வட்டியை விலக்கி வாழும் நம்மவர்க்கு இதில் தயக்கம் எழுவது இயல்பே. அத்தொகையைப் பற்றித் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் அதற்கு அஞ்சி, உழைத்து விற்ற கல்லின் விலையையே கைவிடுவது பேணுதல் ஆகாது. அசலைக் கேட்பது உரிமை.

செய்ய வேண்டியவை

முதலாவது, பங்கு விகிதம், முதலீடு, மரணத்துக்குப் பின் கணக்குத் தீர்க்கும் முறை ஆகியவற்றைக் கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு, பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்வது. இரண்டாவது, உத்யம் பதிவு. இதற்கு அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் உள்ளன. எச்சரிக்கை தேவை. ஐயமிருப்பின் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். பழைய உத்யோக் ஆதார் 2022 ஜூன் 30உடன் காலாவதியாகிவிட்டதால், அதை வைத்திருப்போர் புதிதாகப் பதிய வேண்டும். மூன்றாவது, பதிவைச் சரக்கு அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுவது. முந்திய விற்பனைக்கு இச்சட்டத்தின் பயன் உண்டா என்பது பற்றி நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்துள்ளன.

உத்யம் சான்று ஒன்றே எல்லாமும் ஆகிவிடாது. அது பங்காளிகளின் உரிமையைச் சொல்லாது. ஜி.எஸ்.டி.க்கோ உள்ளாட்சி உரிமத்துக்கோ மாற்றும் அல்ல. படிவம் எளிதாகியிருக்கிறதே தவிர, பொறுப்பு குறையவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கணினி அறிந்த இளைஞர் இருவரை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் அமரச் செய்தால், மஹல்லாவின் சிறுதொழில்கள் அனைத்தையும் சில வாரங்களில் பதிந்துவிடலாம். “உடன்பிறந்தவனிடம் பத்திரம் கேட்பதா?” என்று கூச்சப்படுவோர் உண்டு. இன்று அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுக்கும் அந்தப் பத்திரம், நாளை அவர்களுடைய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஸலாம் சொல்ல வைக்கும்.