வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது

முழங்காலருகே ஒரு பையனுக்கு வீக்கம் கண்டால், விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தடவி உருவிவிடுவதும் கட்டுப் போடுவதும் நமது ஊர்களில் வழக்கம். பெரும்பாலான வீக்கங்கள் தாமே வடிந்துவிடுகின்றன என்பது உண்மையே. ஆனால் வடியாத சில வீக்கங்கள் 'சார்கோமா' என்னும் புற்றுநோயாக இருத்தல் கூடும். எலும்பிலும், தசை, கொழுப்பு போன்ற மென்மையான பகுதிகளிலும் தோன்றும் இந்நோய் அரியதே. எனினும், எலும்பில் தோன்றும் வகை பெரிதும் வளரும் பிள்ளைகளையே பற்றுகிறது.

இந்நோய் கண்டவர் பிழைப்பாரா? முற்காலத்தில் காலை வெட்டி எடுப்பதே எலும்புப் புற்றுக்குச் சிகிச்சை. அவ்வாறு காலை இழந்தும், நூற்றுக்கு 20 பேருக்கும் குறைவானவர்களே பிழைத்தனர். கட்டி வெளியே தெரியும் முன்பே நோயின் அணுக்கள் இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்துவிடுவதே காரணம். 1970-களில் அறுவையுடன் மருந்துச் சிகிச்சையும் சேர்ந்தது. இன்று நோய் பரவுமுன் வந்து, சிகிச்சையை முழுமையாகப் பெறுவோரில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்வதாக மேலைநாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. நுரையீரலுக்குப் பரவிய பின் வருவோரிலோ இத்தொகை 20 முதல் 30 தான். காலதாமதம் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புற ஊர்களையும் சேர்ந்தோர் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954-ல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம் அருகிலேயே உள்ளது. மின்சார இரயிலில் கிண்டியில் இறங்கினால் அடையாறு தொலைவன்று. காலை வெட்டிவிடுவார்களோ என்ற அச்சமும் வேண்டாம். நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி, உலோக எலும்பைப் பொருத்திக் காலைக் காக்கும் முறை சென்னையிலேயே பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. அதற்கும் காலத்தே வருதல் நலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் எடுத்துரைக்க வேண்டியவை இவை: இரவிலும் ஓயாத எலும்பு வலி, நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம், எலுமிச்சம்பழ அளவுக்கு மேற்பட்ட கட்டி ஆகியவை கண்டால் உடனே டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே முதலிய சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். அத்தகைய வீக்கத்தை உருவிவிடலாகாது. சோதனைக்குச் சதை எடுப்பதும் புற்றுநோய் மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும். முறையறியாது கீறினால் நோய் பக்கத்துத் தசைக்கும் பரவலாம்.

சிகிச்சை பல மாதங்கள் நீடிக்கும். கூலி வேலையை விட்டு மாதக்கணக்கில் போய்வர முடியாமல் பாதியில் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. பாதியில் நிறுத்தினால் பிழைக்கும் வாய்ப்பும் கைநழுவுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமானச் சான்று பெற்றுத் தருவதும், வழிச்செலவுக்கு ஊரார் கைகொடுக்கச் செய்வதும் பஞ்சாயத்தார் ஆற்றக்கூடிய பணிகளாம். ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும் இப்பணியில் அவர்கள் முன்னிற்க வேண்டுகிறோம்.