மலைப்பிசினின் பெயர் மனிதர்மேல் ஏறிய கதை

எகிப்து தேசத்தின் பழைய சமாதிகளிலிருந்து எடுக்கப்பெற்ற, துணிச் சுருள்களால் சுற்றிப் பாடம் செய்யப்பட்ட சரீரங்களை ‘மம்மி’ என்று உலகம் முழுவதும் வழங்குகிறது. ஆனால், அந்தச் சரீரங்களை அவ்வளவு சிரத்தையோடு காத்து வைத்த பண்டை எகிப்தியர் அந்தப் பெயரை அறியவே மாட்டார்கள். அது பாரசீகத்தில் பிறந்த சொல். அம்மொழியில் ‘மூம்’ என்பது மெழுகு. அந்நாட்டு மலைப் பாறைகளின் பிளவுகளில் கசிந்து உறைகின்ற ஒரு கரிய பிசின், மெழுகைப்போல் இளகும் குணத்தால் ‘மூமியா’ என்று பெயர் பெற்றது. எலும்பு முறிவுக்கும் உட்காயத்துக்கும் கைகண்ட ஔஷதமென்று இப்னு ஸீனா முதலிய வைத்திய மேதைகள் அதைப் போற்றினார்கள். இமயமலைப் பாறைகளில் வெயில் காலத்தில் வடிகின்ற சிலாஜித், நம் சித்த வைத்தியர்கள் கன்மதம் என்று வழங்குவது, இதற்கு நெருங்கிய உறவு. மத்திய ஆசியாவிலும் ருஷியாவிலும் அவ்வகைப் பொருளுக்கு இன்றும் ‘மூமியோ’ என்றே பெயர்.

கல்லில் ஊறிய மருந்தின் பெயர் மனித உடலுக்கு எப்படி வந்தது? எகிப்தியர் உடலைப் பதப்படுத்தப் பூசிய மரப்பிசின்கள் காலப்போக்கில் கறுத்து இறுகி, பார்வைக்கு மூமியாவைப் போலவே தோன்றின. அரிய மலைச்சரக்குக்குப் பதிலாகக் கல்லறைச் சரக்கு கைமாறத் தொடங்கிற்று. பாக்தாதில் பிறந்து, 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்துக்கு வந்த அப்துல் லத்தீஃப் என்னும் வைத்தியர், பிரேதங்களின் தலையோட்டிலும் வயிற்றறையிலும் இருந்த கரிய பொருள் அங்கே மலிவாக விற்கப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியரோ இன்னும் ஒருபடி கீழே இறங்கி, பிசினென்றும் தசையென்றும் பேதம் பாராமல் உடல் முழுவதையுமே மருந்தென்று கொண்டார்கள். பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸ், காயம் பட்டால் உதவுமென்று அந்தப் பொடியை எப்போதும் தம்முடன் வைத்திருந்தாராம்.

தேவை பெருகியபோது வஞ்சகமும் பெருகியது. 1564இல் அலெக்ஸாந்திரியாவில் ஒரு வியாபாரியின் கிடங்கைப் பார்த்த பிரெஞ்சு வைத்தியர் ஒருவரிடம், அங்கே கிடந்த உடல்கள் பழமையானவை அல்லவென்றும், அண்மையில் இறந்த அடிமைகளும் மற்றவர்களுமே என்றும், தானே அவற்றைப் பதப்படுத்தியதாகவும் அவ்வியாபாரி கூசாமல் சொன்னானாம். இச்செய்தியை எழுதியவர் அம்ப்ருவாஸ் பாரே. அரசர்களுக்குச் சிகிச்சை செய்த அந்தப் புகழ்பெற்ற ரண வைத்தியர், இம்மருந்து நோயைத் தீர்க்காததோடு வயிற்றையும் கெடுக்கிறதென்று 1582இல் துணிந்து கண்டித்தார். ராஜ சபைகளும் மருந்துக் கடைகளும் ஒருமுகமாக மெச்சிய ஒன்றை, அநுபவத்தைச் சாட்சியாக வைத்து மறுத்த அந்த நெஞ்சுரத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மருந்து மதிப்பிழந்த பின்னும் உடல்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அவற்றை அரைத்துச் செய்த பழுப்பு வர்ணம் ‘மம்மி பிரவுன்’ என்ற பெயரோடு ஓவியர்களின் கைக்கு வந்தது. அந்தப் பெயர் வெறும் அலங்காரமன்று, உள்ளபடியே உண்மை என்று 1881இல் அறிய நேர்ந்த ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், மனம் பதறித் தம்மிடமிருந்த வர்ணக் குழாயைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார். அவ்வுடல்கள் வேடிக்கைப் பொருளாகவும் ஆயின: லண்டனில் பெட்டிக்ரூ என்ற ரண வைத்தியர் சபையினர் முன்னிலையில் அவற்றின் துணிச் சுருள்களைப் பிரித்துக் காட்டியபோது, பார்க்க வந்த கூட்டத்துக்கு இடம் போதவில்லை.

இவ்வளவையும் அறிந்த பின், எகிப்தியர் தாமே என்ன பெயரிட்டார்கள் என்று கேட்கும்போதுதான் நெஞ்சு உறுத்துகிறது. ‘ஸாஹ்’ என்பது அவர்கள் சொல். மேன்மை பெற்றவர், பெருமகன் என்ற பொருளும் அதற்கே உண்டு. மூளையை நாசி வழியே வாங்கி, குடலையும் ஈரலையும் வெளியே எடுத்து, அறிவுக்கு இருப்பிடமென்று கருதிய இருதயத்தை மட்டும் அதன் இடத்திலேயே விட்டு, நேட்ரான் என்னும் உவர்மண்ணில் சுமார் 40 நாள் உலர்த்தி, தைலமும் பிசினும் பூசி, மெல்லிய நாரிழைத் துணியால் விரல் விரலாகச் சுற்றி, எழுபது நாள் வரையில் மந்திரங்களோடு நடத்திய அந்தச் சடங்கு, இறந்தவரை உயர்ந்த நிலைக்கு ஏற்றுவதற்காகவே செய்யப்பட்டது. அந்த உயர்வின் பெயரை மறந்து, ஒரு சரக்கின் பெயரை அவர்கள்மேல் சுமத்தியதால்தான் அரைக்கவும் விற்கவும் மனிதருக்குக் கூச்சம் எழவில்லை என்று கருதுகிறேன்.

இப்போது அச்சொல் எகிப்தின் எல்லையைக் கடந்துவிட்டது. எகிப்தியருக்கும் சுமார் இரண்டாயிரம் ஆண்டு முன்பே தம் இறந்தோரைப் பாடம் செய்த சிலி நாட்டுச் சின்சோரோ மக்களின் உடல்களும், ஆல்ப்ஸ் மலைப்பனியில் தானே பதப்பட்டு 1991இல் கிடைத்த மனிதனின் உடலும் அப்பெயராலேயே குறிக்கப்படுகின்றன. பிரிட்டனில் சில காட்சிசாலைகள் இச்சொல்லைக் குறைத்து, ‘பதப்படுத்தப்பட்ட மனிதர்’ என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. நியூகாசில் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கும் பெண்மணியை இர்த்திரு என்ற அவருடைய பெயராலேயே அறிமுகம் செய்கிறார்கள். ஊரெல்லாம் பழகிய சொல்லை அறவே விலக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஆனால் பெயர் தெரிந்த இடத்தில் பெயரே முன்னால் நிற்பது நியாயம். 2021 ஏப்ரலில் கெய்ரோ நகரத்தார் அப்படியே செய்தார்கள்: 18 அரசர்களையும் 4 அரசிகளையும் புதிய காட்சிசாலைக்கு ஊர்வலமாகக் கொண்டு சென்றபோது, ஒவ்வொருவருக்கும் தனி வாகனம் அமைத்து, அதன்மேல் அவரவர் பெயரைப் பொறித்திருந்தார்கள்.