தோய்த்த பிறகு தெரிந்த பிழை

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒதுங்கியிருந்தோம். மாரி காலம், பிள்ளைகள் படுத்தது சிமெந்துத் தரையில். பெண்கள் சிலர் சேர்ந்து துண்டுத்துணிகளால் போர்வை தைத்தோம். பழைய சாறி, கிழிந்த வேட்டி, தையற்கடையில் கழித்த புதுப் பருத்தித் துண்டு எல்லாவற்றையும் கலந்தே பொருத்தினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதற்தரம் தோய்த்துக் காயவிட்டதும் புதுத்துண்டுகள் சுருங்க, பழையவை பொம்மிக்கொண்டு நின்றன. சிவப்புச் சாயம் வேட்டித் துண்டில் இறங்கிவிட்டது.

பிழை தையலில் இல்லை. பழந்துணி பலமுறை தோய்பட்டு, சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். புதுப் பருத்தி அப்படியல்ல. ஆகவே புதுத்துணியை வெட்டுமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். சாயம் போகுமா என்றறிய, ஈரத்துணியை வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். நைந்த சாறியானால் இரண்டாக மடித்துத் தையுங்கள்.

அந்தப் போர்வையை நாங்கள் எறியவில்லை. கோணிய வரிசைகளைப் பிரித்தோம். நூலும் அருமையான காலம். பிரித்த நூலையும் சுற்றி வைத்து, சுருங்கிய துண்டுகளையே மீண்டும் பொருத்தினோம். நீளத்தில் ஒரு சாண் குறைந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு அது போதுமாயிருந்தது.